திருகோணமலையிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? முதல் முறை பறப்பவர்களுக்கு

போன மாதம் உவர்மலையில் இருக்கும் ஒரு அக்கா தன் ஃபோனைக் கொண்டுவந்து காட்டினார். திருகோணமலை, சென்னை என்று இரண்டு பெயரை அடித்துத் தேடியிருக்கிறார். ஐந்நூறு சொச்சம் கிலோமீற்றர், பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் என்று வந்திருக்கிறது. "தம்பி, அப்ப விடியச் சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டா மத்தியானத்துக்கு முன்னம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்தானே?" என்று கேட்டார். கணவரின் கண் சிகிச்சைக்கு அன்று பின்னேரமே நேரம் எடுத்து வைத்திருந்தார்.

அந்தத் தூரம் சரி. சீனக்குடா விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால் 505 கிலோமீற்றர் அளவில் வரும். ஆனால் அந்தக் கோட்டில் நாம் டிக்கெட் எடுத்துப் போகக்கூடிய விமானம் இல்லை. சீனக்குடா விமானப்படையின் தளம். அங்கிருந்து சென்னைக்கு வழமையான பயணிகள் சேவை கிடையாது. இணையத்தில் தூரம் காட்டும் கருவிகள் இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு போட்டு, அதை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து நேரம் சொல்கின்றன. விமானம் உண்டா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை.

திருமலைக்காரர் ஒருவர் சென்னை போக உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பல தடவை போய் வந்தவன். அந்த அனுபவத்தோடு எழுதுகிறேன்.

முதலில், எந்த விமான நிலையம்?

நமக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கட்டுநாயக்க, மற்றது பலாலி. அந்தப் பக்கம் சென்னை, திருச்சி, மதுரை என்று மூன்று வாசல்.

பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று 2019 ஒக்டோபரில் திறந்தார்கள். அடுத்த மாதமே சென்னையிலிருந்து வழமையான பயணிகள் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்து, 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் சேவையைக் கொடுத்தது. பலாலிக்கும் மதராசுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததும் இல்லை. 1947 டிசம்பர் 10 இல் எயார் சிலோன் தன் முதல் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குத்தான் பறந்தது.

டிக்கெட் தேடும்போது ஒரு விஷயத்தில் கவனம். விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. திருகோணமலைக்கு டி.ஆர்.ஆர்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தை அடித்தவுடன் இவை மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அவசரத்தில் விரல் பட்டுவிட்டால் திருச்சிக்குப் பதில் கேரளாவுக்கு டிக்கெட் எடுத்துவிடுவீர்கள். கட்டுநாயக்க சி.எம்.பி., பலாலி ஜே.ஏ.எஃப்., சென்னை எம்.ஏ.ஏ. இவற்றை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

தூரத்தை நீங்களே போடலாம்

இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை, பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும். பூமியில் வடக்குத் தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் சுமார் 111 கிலோமீற்றர். கட்டுநாயக்க 7.18 பாகை வடக்கில் இருக்கிறது, மீனம்பாக்கம் 12.99 இல். வித்தியாசம் 5.81. அதை 111 ஆல் பெருக்கினால் 645. முடிந்தது கணக்கு. கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கவேண்டாமா என்றால், இந்த இரண்டு இடமும் 80 பாகைக் கோட்டை ஒட்டியே இருக்கின்றன. கட்டுநாயக்க 79.88, மீனம்பாக்கம் 80.17. பலாலியும் 80.07. வரைபடத்தில் ஒரு கோல் வைத்தால் கட்டுநாயக்க, பலாலி, சென்னை மூன்றும் கிட்டத்தட்ட அந்தக் கோலின்மேல் நிற்கும். எனக்கு இதை முதன்முதல் பார்த்தபோது பெரிய ஆச்சரியம். கட்டுநாயக்கவில் ஏறியவர் வடக்கே போகிற வழியில், யாழ்ப்பாணம் இருக்கும் அதே கோட்டின் ஓரமாகத்தான் பறக்கிறார்.

பலாலி 9.79 இல் இருக்கிறது. சென்னைக்கு 3.2 பாகை, அதாவது 355 கிலோமீற்றர்.

திருச்சி கொஞ்சம் மேற்கே தள்ளி இருப்பதால் முக்கோணக் கணக்கு வரும். கட்டுநாயக்கவிலிருந்து வடக்கே 398, மேற்கே 129. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418. அதே முறையில் பலாலியிலிருந்து திருச்சிக்கு 184 தான் வரும். கட்டுநாயக்கவிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 355.

184 கிலோமீற்றர் என்றால் என்ன? திருமலையிலிருந்து குருநாகலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம். அவ்வளவுதான் கடலுக்கு அந்தப் பக்கம்.

பாதித் தூரம், அதே நேரம்

புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில். கட்டுநாயக்க–சென்னை 645 கிலோமீற்றர், டிக்கெட்டில் ஒரு மணி இருபது நிமிடம் அளவில் இருக்கும். பலாலி–சென்னை 355 கிலோமீற்றர், அதற்கும் ஒன்றேகால் மணித்தியாலம் என்று போட்டிருக்கும். பாதித் தூரத்துக்கு ஏன் அதே நேரம்?

விமானம் வேறு. கட்டுநாயக்கவிலிருந்து போவது பெரும்பாலும் ஜெட். உயரத்துக்கு ஏறிய பிறகு மணிக்கு 800 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும். பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்ற, விசிறி வைத்த சிறிய விமானம். எழுபது பேர் சொச்சம் ஏறலாம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. இறக்கை நம் தலைக்குமேல் இருக்கும், ஆகவே ஜன்னலோரம் கிடைத்தால் கீழே நன்றாகப் பார்க்கலாம். விசிறிக்குப் பக்கத்து வரிசைகளில் இரைச்சல் கூட. வயதானவர்களுக்குப் பின்னால் இடம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்கும் இடத்தை விட்டு அசைவதிலிருந்து, மறுபக்கம் போய் நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முறைக்குக் காத்திருப்பது, சென்னையில் நெரிசல் என்றால் கடல்மேல் ஒரு வட்டம் அடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கட்டுநாயக்க–சென்னை பயணத்தில் உண்மையாக வானத்தில் இருப்பது ஒரு மணித்தியாலத்தை ஒட்டித்தான்.

நல்ல காலம், கடிகாரத்தைத் திருப்பும் வேலை இல்லை. 2006 ஏப்ரல் முதல் இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரம். டிக்கெட்டில் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் நேராகக் கழித்தால் போதும். கழித்துப் பார்த்து நாலு, ஐந்து மணித்தியாலம் வந்தால் அது நேரே போகும் விமானம் இல்லை. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ மாறி ஏறவேண்டிய டிக்கெட். விலை குறைவாகத் தெரியும். முதல் தடவை போகிறவர்கள் அதைத் தொடவேண்டாம்.

வாசலிலிருந்து வாசலுக்கு

சரி, இனித் தரைக் கணக்கு. நம் நேரத்தைத் தின்பது ஆகாயம் இல்லை, ரோட்டுத்தான்.

கட்டுநாயக்கவுக்குப் போகும் பாதை கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இறங்கும். மொத்தம் 240, 250 கிலோமீற்றர். குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022 இல் திறந்த அதிவேகப் பாதையில் ஏறலாம். இல்லாவிட்டால் நாரம்மலை, கிரிஉல்லை வழியாகப் பழைய ரோட்டால் போகலாம். சொந்த வாகனம் என்றால் ஒரு தேத்தண்ணீருக்கு நிறுத்தி ஐந்தரை, ஆறு மணித்தியாலம். நான் எப்போதும் ஆறரை என்று வைத்துக்கொள்வேன். ஒருமுறை ஐந்து மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று வாடகை வான் பிடித்தவர் சொன்ன வார்த்தையை நம்பி வெளிக்கிட்டோம். அன்று ஏதோ ஊர்வலம், குருநாகல் டவுனுக்குள் முக்கால் மணித்தியாலம் நின்றோம். அம்மா பின் சீற்றில் ஒன்றும் பேசாமல் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தா. பெட்டி போடும் கவுண்டர் மூட ஏழு நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினோம். அதற்குப் பிறகு இந்தக் கணக்கில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை நிற்கும். ரோட்டோரத்தில் கறுப்பாகத் தெரியும் நிழல் மரமா யானையா என்று கிட்டப் போகும்வரை தெரியாது. அந்த நாற்பது, ஐம்பது கிலோமீற்றரில் டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். காலை பத்து மணிக்கு முந்திய விமானம் என்றால் நடுச்சாமத்தில் புறப்படுவதைவிட, முதல் நாளே போய் நீர்கொழும்பில் தங்குவது நல்லது. அங்கிருந்து விமான நிலையம் பத்துக் கிலோமீற்றர் அளவுதான்.

பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்க: கொழும்பு பஸ் கட்டுநாயக்கவைத் தொடாது. புறக்கோட்டை வரை போய், அங்கே 187 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து வடக்கே திரும்பி வரவேண்டும். அல்லது குருநாகலில் இறங்கி நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறலாம். இரவு ரயிலில் போனால் விடியக் கொழும்பு கோட்டையில் இறங்கி அதே 187. மத்தியானத்துக்குப் பிந்திய விமானத்துக்கு ரயில் அருமையான வழி. படுத்துக்கொண்டு போகும் பெட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

பலாலிக்கு ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா ஏறி, ஏ9 இல் கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டிப் போகவேண்டும். இதுவும் 240 கிலோமீற்றரை ஒட்டித்தான். ஆனால் நெரிசலான ஊர்கள் குறைவு, ஐந்து மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். வாகனம் வைத்திருப்பவர் யாழ் நகருக்குள் போகவே தேவையில்லை, கோப்பாய்ப் பக்கமாக வெட்டிப் போகலாம். பஸ் என்றால் யாழ்ப்பாணம் நேரடி பஸ், அங்கிருந்து ஓட்டோ. ரயிலில் பலாலி போக நினைக்காதீர்கள். நம் ரயில் பாதை கல்லோயா, மாகோ வரை தெற்கே இறங்கி, அங்கிருந்துதான் வடக்குப் பாதையைத் தொடுகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

இப்போது கூட்டிப் பாருங்கள். கட்டுநாயக்கவில் பிற்பகல் 2 மணிக்கு விமானம் என்று வைப்போம். 11 மணிக்கு அங்கே நிற்கவேண்டும், ஆகவே திருமலையில் விடியற்காலை 4.30. சென்னையில் 3.20 க்கு இறங்கி, குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய 4.20. நகருக்குள் போக 5 மணி தாண்டிவிடும். மொத்தம் பன்னிரண்டரை மணித்தியாலம். அதில் விமானத்துக்குள் இருந்தது ஒரு மணி இருபது நிமிடம். பலாலி வழியாக இதே கணக்கைப் போட்டால் பதினொன்று, பதினொன்றரை வரும். ஆக, சென்னைக்குப் போவதற்கு இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் அபிப்பிராயம் இது. தஞ்சாவூர், வேளாங்கண்ணி, சிதம்பரம் என்று காவிரிப் பக்கம் போகிறவர்களுக்குப் பலாலி–திருச்சி போல ஒரு வழி இல்லை, விமானம் ஒரு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். மதுரை, இராமேஸ்வரம் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்க–மதுரை. சென்னையில் மருத்துவருக்கு நாள் குறித்துவிட்டுப் போகிறவர்கள் கட்டுநாயக்கவையே தெரிவு செய்யுங்கள். அங்கிருந்து சென்னைக்கு ஒரு நாளில் பல விமானம், ஒன்று நின்றாலும் அடுத்ததில் ஏற வழி இருக்கும். பலாலியில் ஒன்று நின்றால் அநேகமாக மறுநாள்தான். எந்த வழியால் போனாலும் மருத்துவரைப் பார்ப்பதை மறுநாளுக்கு வையுங்கள். உவர்மலை அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன், அவரும் நாளை மாற்றிக்கொண்டார்.

கடல் வழியும் ஒன்று இருக்கிறது. காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் வந்தது. கடலில் நாலு மணித்தியாலம். மழைக்காலத்தில் நின்றுவிடும்.

கையில் இருக்கவேண்டியவை

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் பத்தரமுல்லை வரை ஓடத் தேவையில்லை, வவுனியாவிலும் குடிவரவு குடியகல்வுக் கிளை இருக்கிறது. இந்தியாவுக்கு நமக்கு வீசா கட்டாயம். சுற்றுலா, கோயில் பயணத்துக்கு இணையத்தில் எடுக்கும் ஈ-வீசா போதும். பயணத்துக்கு நாலு நாள் முன்னராவது விண்ணப்பிக்க வேண்டும், நான் இரண்டு வாரம் விடச் சொல்வேன். ஈ-வீசாவோடு எல்லா விமான நிலையத்திலும் இறங்க முடியாது. சென்னை, திருச்சி, மதுரை மூன்றும் அனுமதித்த பட்டியலில் இருக்கின்றன. சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவ வீசாவே எடுங்கள். சுற்றுலா என்று போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய் நின்று சங்கடப்படவேண்டாம். வந்த அனுமதியைத் தாளில் அச்செடுத்து வைத்திருங்கள்.

டிக்கெட்டில் பெயர் போடுவதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அப்பா பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா என்ற குழப்பம். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து முதலில் வருவது குடும்பப் பெயர். இரண்டு அம்புக்குறி தள்ளி வருவது உங்கள் பெயர். அந்த எழுத்து, அந்த ஒழுங்கு மாறாமல் டிக்கெட்டிலும் வீசாவிலும் போடுங்கள். 'எஸ்.எச்.' வருகிற இடத்தில் 'எஸ்.' மட்டும் போட்டாலும் கவுண்டரில் கேள்வி வரும்.

பெட்டி நிறை டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். சிறிய விமானத்தில் குறைவாகவே விடுவார்கள், வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். ஃபோன் சார்ஜ் போடும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும், பெரிய பெட்டிக்குள் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். திரும்பி வரும்போது கோயிலில் உடைத்த தேங்காயைக் காயவைத்துக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கொப்பரை எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவின் பிரசாதப் பையை அப்படி வாங்கி வைத்தார்கள். அவர் கண் கலங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. விபூதி, குங்குமம் கொண்டுவாருங்கள், தேங்காயை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

எந்த மாதம் போவது?

முடிந்தால் நவம்பர், டிசம்பரைத் தவிருங்கள். நமக்கு மாரி பெய்யும் அதே காலம்தான் சென்னைக்கும் புயல் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள் கணக்காக மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. இந்தப் பக்கம் கந்தளாய் ரோட்டிலும் வெள்ளம் ஏறும். போயே ஆகவேண்டும் என்றால் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் விட்டு டிக்கெட் எடுங்கள்.

சென்னையில் இறங்கிய பிறகும், திரும்பும்போதும்

பெட்டியோடு வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்வார்கள். அவசரப்படாதீர்கள். விமான நிலைய வளாகத்திலேயே மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது. சென்ட்ரல் வரை முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், குளிரூட்டிய பெட்டி, மின்தூக்கியும் உண்டு. தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கமே திரிசூலம் ஸ்டேஷன்.

திரும்பும் பயணத்துக்குக் கட்டுநாயக்கவில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு இறங்கும் விமானத்தை எடுக்காதீர்கள். வெளியே வர ஒரு மணித்தியாலம் ஆகும், கோட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் திருமலை இரவு ரயில் போய்விடக்கூடும். வான் பிடித்தால் யானை நிற்கும் இடத்தை நடுச்சாமத்தில் கடக்கவேண்டி வரும். காலை விமானத்தில் வந்தால் பகல் வெளிச்சத்திலேயே கந்தளாய்க் குளத்தைத் தாண்டி வீட்டுக்கு வரலாம். வான்காரரிடம் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், அதிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளிச் சொல்லுங்கள். பெட்டி கைக்கு வந்தவுடன் ஒரு அழைப்பு எடுத்தால் அவர் வாசலுக்கு வந்து நிற்பார்.